அக்கா கேட்ட ஒரு தம்ளர் தண்ணீர்

அக்கா போய் இன்றோடு ஒரு வருஷம் நிறைகிறது. ஜெபத்துக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்கள் கையில் இந்தச் சிறு நினைவு மலரைக் கொடுக்கிறோம். அக்காவின் நற்குணங்களை நாலு பக்கம் எழுது என்றார்கள். எழுத உட்கார்ந்தால் அவர் குணத்துக்கு முன்னால் என் பயம்தான் வந்து நிற்கிறது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது திமிரியில். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை கிடைத்து வாணியம்பாடிக்கு வந்தபோது நான் கைக்குழந்தை. அக்காவுக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷமே மாமா காலராவில் போய்விட்டார். அவர் விட்டுப்போன வீடு ஒன்றுதான் அக்காவுக்கு மிச்சம். பெற்றோரும் போனபின், மிஷன் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்து என்னை ஆளாக்கினார். ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நானும் தோல் ஷாப்பில் சேர்ந்து, தோலைத் தரம் பிரிக்கும் வேலைக்கு உயர்ந்தேன்.

பெண்களுக்கும் நகரசபை ஓட்டு என்று வந்தபோது, வீட்டுவரி அக்கா பெயரில் இருந்ததால் பட்டியலில் அக்கா பெயர் ஏறியது. அதே வீட்டில் இருந்த எனக்கு ஓட்டு இல்லை. எனக்கு அதில் வருத்தமில்லை, நிம்மதிதான். அக்காவோ ஓட்டைச் சும்மா விடுகிறவரல்ல. எங்கள் வார்டில் நின்றவர் இருவர். ஒருவர் வக்கீல், இன்னொருவர் என் முதலாளி. இருவரும் எப்படிப்பட்டவர்கள் என்று அக்கா தெருத்தெருவாக விசாரித்தார்.

"யாருன்னே தெரியாம எப்டிடா ஓட்டுப் போடறது?" என்பார்.

வேண்டாமக்கா என்றேன். ஏனென்றால் முதலாளியின் ஷாப்புக் கழிவுநீர் எங்கள் தெரு ஓரமாகத்தான் ஓடியது. தெருக்கிணறு உப்புக் கரித்து, பருப்பு வேகாத தண்ணீராகிவிட்டது. அந்த வாய்க்காலைத் திருப்பிவிடச் சொல்லி, தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அக்கா இரண்டு முறை மனு எழுதியிருந்தார். கிணற்றில் ஒரு கோளாறும் இல்லை என்பது முதலாளியின் பதில். ஓட்டுக் கேட்டு வருகிற இருவருக்கும் தெருவுக்கு முன்னால் அந்தத் தண்ணீரையே கொடுப்பது, குடித்தபின் வாய்க்காலைப் பற்றிக் கேட்பது என்று அக்கா தீர்மானித்தார். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது வழக்கம்தானே. அதை யார் தப்பு சொல்ல முடியும்?

வக்கீல் வந்தார். ஒரு வாய் குடித்தார், முகம் கோணியது. ஜெயித்தால் வாய்க்காலைத் திருப்ப முயற்சி செய்வதாகச் சொல்லிப் போனார்.

மறுநாள் சாயங்காலம் முதலாளி. எங்கள் ஜனங்களின் வீடுகளில் வாய் நனைக்காதவர், ஓட்டுக்காக வந்து எங்கள் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவே கூடிவிட்டது. அக்கா திரும்பி, "தம்பி, ஐயாவுக்குத் தண்ணி கொண்டா" என்றார்.

உள்ளே இரண்டு பானைகள். ஒன்று கிணற்றுத் தண்ணீர். இன்னொன்று பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்துவந்தது, என் கைக்குழந்தைக்காக. வேலை போனால் மனைவியோடும் குழந்தையோடும் எங்கே போவேன்? வேறெந்த ஷாப்பில் என்னைச் சேர்ப்பார்கள்? ஆற்றுப்பானையில் மொண்டேன்.

முதலாளி முக்கால் தம்ளர் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி நல்லாத்தானே கீது? இதுக்காம்மா மனு மேல மனு?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மனுவில் கைநாட்டு வைத்த பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அக்கா அந்தத் தம்ளரை எடுத்து, மீதியைத் தாமே குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்குப் பயந்து இரண்டு நாள் நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது கேட்டார்.

"பயந்துட்டியா?"

"ஆமாக்கா."

"சரி, துன்னு."

அதற்குப்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. உண்மையை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிணறு கெட்டதற்கு நானே சாட்சியாகி, என் வேலை அன்றே போயிருக்கும். தெருவில் அக்காவைப் பொய்க்காரி என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டார். முதலாளி ஜெயித்தார். வாய்க்கால் இன்றும் அங்கேயேதான் ஓடுகிறது. ஆற்றுத் தண்ணீரைக் குழந்தைகளுக்கு விட்டுவிட்டு, கடைசிவரை கிணற்றுத் தண்ணீரையே அக்கா குடித்தார்.

போன வருஷம் கால் வீங்கி, வயிற்று நோவில் துடித்தபோது வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். தண்ணீரால்தான் வந்தது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் நான் அந்தக் கேள்வியிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை.

அக்காவைக் கைமேல் தாங்கிய நர்ஸம்மாக்களுக்கும், வண்டி கொடுத்த பக்கத்து வீட்டு பாய்க்கும், தோள் கொடுத்த சபையாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று அக்காவை விட்டு நகர்ந்துபோன தாய்மார்களே, உங்கள் மேல் தப்பில்லை. அக்கா பொய் சொல்லவில்லை, பொய்யை மொண்டு வந்தவன் நான்.

இப்போது வீடு என் பெயரில். ஓட்டும் என்னுடையது. அதே முதலாளி மறுபடி நிற்கிறார், வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். நான் இன்னும் அவர் ஷாப்பில்தான் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்க நினைத்திருக்கிறேன். அக்கா மேல் அன்புள்ளவர்கள் தயவுசெய்து எங்கள் வாசலில் வந்து நில்லுங்கள். தனியாக விட்டால் நான் மறுபடியும் ஆற்றுப்பானையில்தான் மொள்ளுவேன்.