வியாழனில் விழுந்த கல்

1994 ஆடியில், போரால் மின்சாரம் இல்லாத எங்கள் ஊர் கோப்பாயில், வாசிகசாலை வானொலியைச் சைக்கிள் டைனமோவால் இயக்கினோம். பெடல் மிதித்தவருக்கு என் நாட்குறிப்பில் பெயரில்லை. ‘சைக்கிள்காரர்’ என்றே எழுதியிருக்கிறேன். மெலிந்த, நெடிய மனிதர். ஏறுமுன் இருக்கையைத் துவாயால் இருமுறை துடைப்பார். விமானக் குண்டுவீச்சில் காயப்பட்ட அவருடைய மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மருந்துக் கப்பல் வருமா என்று அறியவே பத்து நாட்களாக மிதித்துக்கொண்டிருந்தார்.

அன்றைய மாலைச் செய்தியில் கப்பல் இல்லை. வால்வெள்ளியின் துண்டுகள் வியாழன் கோளில் மோதினவாம். பூமிக்கும் அப்படியொரு கல் வரலாம், உலகம் விழிப்பாக இருந்து வானத்தைக் கண்காணிக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் எச்சரித்ததை விரிவாகச் சொன்னார்கள்.

“உது எங்களுக்குப் புதினமே? நாங்கள் நெடுக வானத்தைத்தானே பாத்துக்கொண்டு இருக்கிறம்,” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

சைக்கிள்காரர் சிரிக்கவில்லை. மிதித்தபடியே என்னிடம் கேட்டார்: “கல்லு வந்தால் எல்லா நாடும் சேர்ந்து மறிக்குமோ, அண்ணை?”

“அப்பிடித்தான் யோசிக்கினமாம்.”

“அப்ப எங்களையும் சேர்த்துத்தான் காப்பாத்துவினம். கல்லெண்டால் எங்களை மட்டும் விட்டிட்டு மறிக்கேலாது.”

செய்தி முடிந்து பாட்டுத் தொடங்கியது. கூட்டம் கலைந்தது.

“காணும், செய்தி முடிஞ்சுது, இறங்குங்கோ,” என்றேன்.

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. கப்பலை மறந்துபோயிருப்பினம். நினைவு வந்தால் சொல்லுவினம்.”

வானொலியை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. அவர் கால் ஓயும்வரை அந்தப் பாட்டுகளைக் கேட்டபடி பக்கத்தில் நின்றேன்.