விரிசல் விழாத கணக்கு

அலுவலகத்தில் அவருக்குச் 'சத்தக்காரர்' என்று பெயர். ஆள் வாயே திறக்க மாட்டார். ராக்கெட் கிளம்பும்போது எழும் பேரிரைச்சலில், அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் செயற்கைக்கோள் எப்படி நடுங்கும், எங்கே உடையும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது இருபது வருடமாக அவர் வேலை.

இந்த முறை, மடித்து வைத்திருக்கும், மின்சாரம் தரும் சூரியத் தகட்டை விரிக்கிற கீலில் விரிசல் விழும் என்று கணக்கு சொன்னது. தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

"அதிர்வு அடங்குற வேகத்தை ஏன் பாதியாப் போட்டிருக்கீங்க? போன செயற்கைக்கோளுக்குப் போட்ட எண்ணையே போடுங்க. அதுதானே நம்ம வழக்கம்?"

"சார், அது கனமான தகடு. இது காகிதம் மாதிரி லேசு. லேசுல அடங்காது."

"கீலை மாத்தினா மூணு மாசம் தள்ளிப்போகும். மேலிடத்துக்கு நீங்க வந்து பதில் சொல்றீங்களா?"

சத்தக்காரர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டார். ஓர் எண்ணை மாற்றியதும் விரிசல் மாயமாய் மறைந்தது. கீலைத் தொடாமலேயே பழுது பார்த்துவிட்டுக் கையெழுத்தும் போட்டார்.

ராக்கெட் அழகாகக் கிளம்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். கிளம்பிய இரைச்சலிலேயே கீல் உடைந்துபோனதால், மேலே போனபின் தகடு விரியவில்லை. மின்சாரமில்லாமல் செயற்கைக்கோள் மறுநாளே செத்தது.

வீட்டில் மனைவி கேட்டார்: "என்னங்க, மூஞ்சி இப்படி இருக்கு? கணக்கு தப்பாயிடுச்சா?"

"இல்ல. நான் முதல்ல போட்டது அப்படியே பலிச்சிருக்கு."

"அப்புறம் என்ன? அதை ஆபீஸ்ல எடுத்துக் காட்ட வேண்டியதுதானே!"

அவர் கையெழுத்து இருந்ததோ இரண்டாவது கணக்கில்.