பக்கத்தில் யார் வேண்டும்?

ஜெர்சன் போகிற சேலையூர் சபையில் மே மாத டூர் என்றால் அது ஜெர்சன் போட்ட டூர்தான். போதகர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள், ஜெர்சன் மாறவில்லை. வயது ஐம்பத்து மூன்று. ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் சூப்பரின்டென்டன்ட். ஊரப்பாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பதைச் சபையார் பத்து வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த காலமே தேவலை என்று அவருக்குச் சில சமயம் தோன்றும்.

இந்த வருஷம் மூணாறு. செவ்வாய் மாலை ஐந்துக்குக் கிளம்பினால் விடியும்போது தேனி. போடிமெட்டு ஏறி மலைமேல் டிபன். அன்றைக்கு மாட்டுப்பட்டி அணையும் எக்கோ பாயின்ட்டும், மறுநாள் ராஜமலையில் வரையாடு, மூன்றாம் நாள் தேக்கடிக்கு இறங்கிப் படகு, ஏலக்காய்த் தோட்டம். சனிக்கிழமை காலை வீடு, ஞாயிறு ஆராதனைக்கு எல்லாரும் ஆஜர். வளைவுகளில் யாருக்கு வாந்தி வரும், யாருக்கு மாத்திரையோடு சூடான தண்ணீர் வேண்டும், யார் படகைக் கண்டால் கரையிலேயே உட்கார்ந்துவிடுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பெற்ற தாய்கூட இவ்வளவு பார்க்க மாட்டாள்.

விண்ணப்பப் படிவமும் அவர் கைவண்ணம்தான். ஆரம்ப காலத்தில் ஒருமுறை, பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்களை விஷயம் தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டார். கொடைக்கானல் போய்த் திரும்பும்வரை நான்கு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் படிவத்தில் அந்தக் கட்டம் வந்தது: 'பக்கத்தில் யார் வேண்டும்?' சபைக்குள் யாருக்கு யாரோடு மனஸ்தாபம் என்பது போதகருக்குத் தெரிவதற்கு முன்னால் ஜெர்சனுக்குத் தெரிந்துவிடும். போன வருஷம் ஒட்டிக்கொண்டு திரிந்த பிளஸ்ஸியும் கிறிஸ்டியும் இந்த வருஷம் ஆளுக்கொரு பெயர் எழுதியிருந்தார்கள். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இத்தனை வருஷத்தில், எத்தனையோ படிவங்களில், அந்தக் கட்டத்தில் ஜெர்சன் என்று யாரும் எழுதியதில்லை. இதில் யார்மேலும் குற்றம் இல்லை. அவருக்குத்தான் சீட்டே தேவையில்லையே. டிரைவருக்கு இடப்பக்கம், கதவோரமாக ஒற்றை இருக்கை ஒன்று உண்டு. கைடு சீட் என்பார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் அங்கே உட்கார்ந்துவிடுவார். இறங்குகிற இடத்தில் எல்லாருடைய போனையும் வாங்கிப் படம் எடுத்துக் கொடுப்பார். 'ஜெர்சன் அண்ணன் இல்லாம டூரா?' என்று குரூப்பில் வருஷா வருஷம் போடுவார்கள். அதோடு வருகிற நூற்றுச் சொச்சம் படங்களில் ஜெர்சன் அண்ணன் ஒன்றில்கூட இருக்க மாட்டார்.

கடைசிப் படிவம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் வந்தது. கொண்டுவந்தவர் தனசிங் சார். கீழ்க்கட்டளைக்காரர், ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார். பதினொன்று, பன்னிரண்டு என்ற ஜோடி இருக்கையில் அவரும் அவர் மனைவி ரத்தினபாயும் தவறாமல் வருவார்கள். போன ஆகஸ்டில் அந்த அம்மா இறந்துபோனார். சார் வரமாட்டார் என்றே ஜெர்சன் நினைத்திருந்தார். இருந்தும் அந்த இரண்டு சீட்டில் வேறு யாரையும் போட அவருக்குக் கை வரவில்லை.

"பையன் விட மாட்டேங்கிறான், தம்பி. வீட்ல உக்காந்துகிட்டு என்ன பண்ணப் போறீங்க, போய்ட்டு வாங்கங்கிறான்" என்றார் தனசிங்.

"ரொம்ப சந்தோஷம் சார்." ஜெர்சன் படிவத்தைப் பார்த்தார். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. "பக்கத்துல யாரைப் போடட்டும்? தாவீது சாரை வேணா..."

"அதான் உன்கிட்ட தனியா கேக்கணும்னு நின்னேன். உன் சீட்டை எனக்குக் குடுப்பியா?"

"என் சீட்டா?"

"முன்னாடி, டிரைவர் பக்கம் இருக்கே. இத்தனை வருஷம் நீ மைக்குக்காகத்தான் அங்க உக்கார்றேன்னு நெனச்சிட்டிருந்தேன். இப்பதான்பா புரியுது. அங்க பக்கத்து சீட்டுனு ஒண்ணே கிடையாது. காலியா இருக்கேன்னு திரும்பிப் பாக்க வேண்டியதில்ல. யாராவது வந்து பாவம்னு உக்காரவும் முடியாது."

ஜெர்சனுக்குச் சுருக்கென்றது. தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, மனிதர் கரும்பலகையில் எழுதிப் போட்டதுபோல் சொல்லிவிட்டார். மறுப்பதற்குக் காரணங்கள் வரிசையாக வாய்வரை வந்தன. டிரைவர் தூங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வழி சொல்ல வேண்டும், மைக் வயர் எட்டாது. பொறாமைகூட எட்டிப் பார்த்தது. இவருக்குத் திரும்பிப் பார்க்க ஒரு காலி சீட்டாவது இருக்கிறது. எனக்கு அதுவும் கிடையாதே என்று நினைத்தார். நினைத்த மறுகணமே வெட்கமாக இருந்தது.

ரத்தினபாய் அம்மா நினைவுக்கு வந்தார். பஸ்ஸில் எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு, கம்பியைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டே முன்னால் வந்து, பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி நீட்டுவார். 'நீயும் மனுசன்தானே, குடி' என்பார். அவ்வளவு தூரம் எழுந்து வந்தவர் அவர் ஒருவர்தான்.

"தர்றேன் சார்" என்றார் ஜெர்சன். "மைக்கை நான் பின்னாடியிருந்து பாத்துக்கறேன்."

தனசிங் அவர் தோளைத் தட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் ஊரப்பாக்கம் வீட்டில், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் நாற்பது கட்டம் போட்டுப் பென்சிலால் பெயர்களை நிரப்பினார். முப்பத்தெட்டுப் பேர் முப்பத்தெட்டு இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டார்கள். கைடு சீட்டில் தனசிங். மிச்சம் பதினொன்றும் பன்னிரண்டும். பதினொன்றில் ஜெர்சன் என்று எழுதினார். தன் பெயரை அந்தத் தாளில் அவர் பார்ப்பது இதுவே முதல் தடவை. பன்னிரண்டில் எழுத யாரும் இல்லை. பஸ் மதுராந்தகம் தாண்டுவதற்குள் அங்கே யாராவது ஒருவருடைய முறுக்கு டப்பாவும் சால்வையும் வந்து உட்கார்ந்துவிடும். 'அண்ணா, ஒண்ணும் பிரச்சினை இல்லையே' என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று அவரும் சொல்வார்.

சீட்டில் உட்காருகிற எல்லாரும் படிவம் தர வேண்டும் என்பது அவர் போட்ட விதி. மிச்சமிருந்த படிவம் ஒன்றை எடுத்தார். பெயர், வயது, ரத்த வகை எழுதினார். சைவமா, அசைவமா? அசைவம். மலைப்பாதையில் வாந்தி வருமா? வராது. பக்கத்தில் யார் வேண்டும்?

பேனா அங்கே நின்றது. இந்தச் சின்னக் கட்டத்தை எல்லாரும் எப்படி யோசிக்காமல் நிரப்பிக் கொடுத்தார்கள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கீழே ரயில் போகிற சத்தம் வந்து தேய்ந்தது. கடைசியில், கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி பொடி எழுத்தில், 'தனசிங் சார், திரும்பி வரும்போது மட்டும்' என்று எழுதினார். எழுதி முடித்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது.

படிவத்தை இரண்டாக மடித்து, மற்றப் படிவங்கள் இருந்த கவருக்குள், எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். அந்தக் கவரைப் பிரித்துப் படிக்கிற ஆள் சபையில் அவர் ஒருவர்தான்.