ஆர்டிஸின் குப்புறப் பிரைமர்

மொன்டானாவில் உள்ள கார்ட்லி ஊரின் துப்பாக்கிக் கழகத்துக்குள் ஆர்டிஸ் குவாமி நுழைந்தால், ஆண்கள் சத்தமில்லாமல் தங்கள் தோட்டாப் பெட்டிகளை மூடிவிடுவார்கள். பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் பாதி ஆயுள் பரிமாறியவள். எந்தப் பிள்ளையின் தட்டில் என்ன மிச்சம் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண், ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. இப்போது அது பெரியவர்களின் தோட்டாக்களைப் பார்த்தது.

தோட்டாவை வீட்டிலேயே தயாரிப்பது அந்த ஊரில் பலரின் குளிர்கால வேலை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டின் அடியில் புதுப் பிரைமர் வைத்து, மருந்தை அளந்து கொட்டி, மேலே குண்டை அமர்த்த வேண்டும். பிரைமர் துவரம்பருப்பு அளவு இருக்கும். துப்பாக்கியின் ஊசி அதை அடித்தால் பொறி கிளம்பி மருந்து பற்றிக்கொள்ளும். அளவில்தான் சிறிசு, கோபத்தில் ஆர்டிஸுக்குச் சளைத்ததில்லை.

அந்த வசந்தத்தில் வெண்டல் ஸ்ட்ரூப் வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டான். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்ந்தவன், யாருக்கும் தீங்கு நினைக்காதவன். செய்து முடித்த தோட்டா ஒன்றில் பிரைமர் துருத்திக்கொண்டிருந்ததாம். சின்னச் சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பினானாம். ஒரு கூஜா காப்பி தீரும்வரை ஆர்டிஸ் அவனை விடவில்லை. கழகமே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில், குண்டை மெல்லப் பிடித்து இழுக்கும் தன்னுடைய இடுக்கிக் கருவியை அவன் கையில் திணித்து, "வச்சுக்க. இனிமே சுத்தியல தொட்டேன்னு கேள்விப்பட்டா அப்புறம் இருக்கு உனக்கு" என்று அனுப்பிவைத்தாள்.

அக்டோபர் வந்தது. எல்க் மான் வேட்டைக் காலம் தொடங்கப்போகிறது. ஒரு ஞாயிறு, தேவாலயம் முடிந்து வந்து, ஆர்டிஸ் வேலை மேசைமுன் உட்கார்ந்தாள். அக்கா ரொவீனா பில்லிங்ஸிலிருந்து போனில் அழைத்தாள். அவளுடைய மருமகள் குடும்ப விருந்துக்குக் கடையில் வாங்கிய ஆப்பிள் பலகாரத்தைக் கொண்டுவந்து, தானே சுட்டதாகச் சொல்லிவிட்டாளாம். இது போனை மேசைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டிக் கேட்க வேண்டிய விஷயம் அல்லவா? ஆர்டிஸ் கேட்டாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. வேலை செய்யும்போது பேச்சு கூடாது என்பது அவளே கழகச் சுவரில் எழுதி ஒட்டிய விதி. அது மற்றவர்களுக்கு.

முடிந்த தோட்டாக்களை மேசையில் நிறுத்தி வைத்தபோது ஒன்று மட்டும் குடித்தவன்போல ஆடியது. எடுத்து அடியில் விரலை மெல்ல ஓட்டினாள். ஏதோ தடுக்கியது. விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். பிரைமர் குப்புறப் படுத்திருந்தது. உள்ளே பார்க்க வேண்டிய பக்கம் வெளியே பார்த்தது. போதாததற்குக் கொஞ்சம் துருத்திக்கொண்டும் இருந்தது. மேலே மருந்தும் குண்டும் முழுசாக.

அவள் அதை மெத்தென்ற துணிமேல் படுக்கவைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள். முகம் சூடேறியது.

கணவன் லைல் எட்டிப் பார்த்தான். துப்பாக்கி பக்கமே போகாத மனிதன். அவனுக்கு டிவியில் வரும் ஏல நிகழ்ச்சி போதும்.

"ஒண்ணுதானே ஆர்டி. குப்பையில போட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"குப்ப வண்டி அத நசுக்கும்போது அவனுக்குத் தெரியும்."

"அப்ப இன்னும் கொஞ்சம் உள்ள அழுத்திடேன்."

ஆர்டிஸ் அவனைப் பார்த்த பார்வையில் லைல் ஏலத்துக்கே திரும்பிப் போனான். ஆனால் அவள் மனசிலும் அந்த நினைப்பு ஒரு கணம் வந்து போனது என்பதுதான் அவளைச் சுட்டது. மருந்தும் குண்டும் உள்ளே இருக்கும்போது பிரைமரை அழுத்தினால், தோட்டா துப்பாக்கிக்குக் காத்திருக்காது. இருக்கும் இடத்திலேயே வெடிக்கும்.

குண்டைக் கழற்ற அவளிடம் இன்னொரு கருவி இருந்தது. அது ஓங்கித் தரையில் தட்டும் வகை. துருத்திய பிரைமரோடு ஓங்கித் தட்டுவதா? மெல்ல இழுக்கும் கருவிதான் வேண்டும். அது இரண்டு தெரு தள்ளி, ஊரில் வேறு யாரிடமும் இல்லாமல், வெண்டலிடம் இருந்தது.

தோட்டாவை அங்கேயே விட்டு, அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். வெண்டல் கதவைத் திறந்ததும் பின்னால் ஒரு அடி வைத்தான்.

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"தெரியும். அந்த இடுக்கிக் கருவி வேணும்."

"எதுக்கு?"

"வேணும்னா குடேன்."

வெண்டல் அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தான். அவன் வாயோரம் மெல்ல மெல்ல விரிந்தது. "ஆர்டிஸ், துருத்தியிருக்கா?"

"குப்புறயும் இருக்கு."

"ரெண்டுமா?" வெண்டல் கோட்டை எடுத்து மாட்டினான். "நானும் வர்றேன். இதப் பாக்காம செத்தா என் ஆத்மா சாந்தியடையாது."

வழிநெடுக அவன் அந்தக் கருவியைக் கோயில் பண்டம்போல இரண்டு கையிலும் ஏந்தி வந்தான். மேசையருகே வந்ததும் ஆர்டிஸ் உட்காரப் போனாள்.

"கண்ணாடி?" என்றான் வெண்டல்.

அவள் அணிந்திருந்தது படிக்கும் கண்ணாடி. அதைக் கழற்றிவிட்டுப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினாள்.

"காதுக்கு?"

மாட்டினாள்.

"போனு?"

"அணைச்சாச்சு வெண்டல்."

"இல்ல, நீ சொல்லிக் குடுத்ததத்தான் கேக்குறேன். காப்பி ஏதும் போடட்டுமா? அன்னைக்கு ஒரு கூஜா ஆச்சு."

மற்ற தோட்டாக்களையும் மருந்து டப்பாவையும் அப்புறப்படுத்தினார்கள். பிறகு அவள் குண்டைக் கவ்விப் பிடித்து, நெம்புகோலை அவசரமில்லாமல் அசைத்தாள். குண்டு பல் விழுவதுபோலக் கழன்று வந்தது. மருந்தைக் கிண்ணத்தில் கொட்டி, கூட்டுக்குள் ஒரு மணியும் ஒட்டவில்லை என்று பார்த்து, கிண்ணத்தையும் அடுத்த அறைக்கு அனுப்பினாள். மிச்சம் வெறும் கூடும் பிரைமரும். பிரைமரைக் கழற்றும் ஊசி கூட்டுக்குள்ளிருந்து அதன் முகத்திலேயே, துப்பாக்கி அடிக்கும் அதே பக்கத்திலேயே, முட்டித் தள்ளப்போகிறது என்பது இருவருக்கும் தெரியும். வெண்டலின் சிரிப்பு நின்றுவிட்டது.

"முகத்தத் தள்ளி வச்சுக்க ஆர்டிஸ்."

"வச்சிருக்கேன்."

"இடிக்காத."

"இடிக்கல."

வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல அவள் நெம்புகோலை இறக்கினாள். கொஞ்சம் இறுகியது. நிறுத்தினாள், மூச்சு விட்டாள், மறுபடி அதே மெதுவில் அழுத்தம் கொடுத்தாள். பிரைமர் கீழே விழுந்தது. வெடி இல்லை, புகை இல்லை. அதைத் தனியாக ஒரு மூடி போட்ட குப்பியில் போட்டு, ஆபத்தான பொருள் சேகரிக்க வருகிறவரிடம் கொடுப்பதற்காக எழுதி ஒட்டினாள்.

வெண்டல் காது மூடியைக் கழற்றினான். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீயா?"

"முயற்சி பண்ணுவேன்."

வியாழனன்று கழகக் கூட்டத்தில் ஆர்டிஸே எழுந்து சொன்னாள். அக்காவின் போன், கடைப் பலகாரம், ஆடிய தோட்டா, ஒன்றும் விடவில்லை. முதலில் யாரும் சிரிக்கத் துணியவில்லை. பிறகு வெண்டல், "கண்ணாடியக்கூட நான்தான் ஞாபகப்படுத்தினேன்" என்றதும் கூரை அதிர்ந்தது. ஆர்டிஸ் சிவந்துபோய் நின்றாள், ஆனால் உட்காரவில்லை.

கூட்டம் கலைந்தபோது டெல்மர் ஃபிக்ஸ் பின்தங்கினான். பண்ணை வீடுகளுக்கெல்லாம் தபால் கொண்டுபோகிறவன், கூச்ச சுபாவி.

"ஆர்டிஸ், எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அதே மாதிரி துருத்திக்கிட்டு. எப்படிக் கழட்டுறதுன்னு தெரியல. கேட்டா நீ..." தொப்பியைக் கையில் சுற்றினான். "காப்பி டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்."

"நல்லது. எங்க?"

"டிரக்கு சீட்டுக்கடியில. போன வருஷத்துக்கு முந்துன வேட்டையிலேர்ந்து."

அந்தத் தபால் வழியின் குண்டும் குழியும் ஆர்டிஸுக்கு நன்றாகத் தெரியும். அவள் வாய் திறந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனிவரை வந்து வரிசையில் நின்றது. வெண்டல் தூரத்திலிருந்து ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மனிதன் ஏன் இத்தனை நாள் தன்னிடம் வரவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"டிரக்கு எங்க நிக்குது டெல்மர்?"

"வாசல்லதான்."

"எஞ்சின போடாத. வா, மொதல்ல அத வெளிய எடுப்போம்" என்று அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள்.