பலாக்கட்டைப் பிடி

சிப்காட்டில் வேலை முடிந்ததும் மற்றப் பெண்கள் கம்பெனி வேனில் ஏறி வீட்டுக்குப் போவார்கள். இளவரசி ஸ்கூட்டியை முதுநகர்ப் பக்கம் திருப்பி, பழைய வலைக் கிடங்கு ஒன்றுக்குள் நுழைந்து, துப்பாக்கியைக் கையில் எடுப்பாள். யாரும் பயப்பட வேண்டாம். அது காற்றுத் துப்பாக்கி. பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அட்டையில் ஒரு கறுப்பு வட்டம். ஒற்றைக் கையை நீட்டி அந்த வட்டத்தின் நடுவில் ஈயக் குண்டைப் பதிக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும்.

இந்தக் கிறுக்கு அவளுக்கு முப்பத்தைந்து வயதில் பிடித்தது. மகள் இலக்கியாவைச் சேர்த்துவிடத்தான் அந்தக் கிடங்கில் நடக்கும் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போனாள். மகள் ஒரே வாரத்தில் ‘போரடிக்குதும்மா’ என்று நின்றுவிட்டாள். அம்மா நிற்கவில்லை. கம்பெனி ஆய்வுக்கூடத்தில் நாளெல்லாம் குடுவையும் குழாயுமாக நின்றவளுக்கு, மூச்சைப் பாதியில் நிறுத்தி விசையை அழுத்தும் அந்த ஒரு கணம் அப்படிப் பிடித்துப்போனது. பம்புசெட் மெக்கானிக்கான கணவர் கார்த்திகேசன், “ஊட்ல இனிமே யாரும் எதிர்த்துப் பேச முடியாதுப்பா” என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் குண்டு இடது பக்கம் போனது. எப்போதும் இடது பக்கம். அட்டையை இழுத்துப் பார்த்தால் வட்டத்தின் இடது ஓரத்தில் ஈ மொய்த்த மாதிரி ஓட்டைகள் இருக்கும். போதாக்குறைக்கு, கால் மணி நேரம் சுட்டாலே கட்டைவிரல் அடியில் வலி தொடங்கி முழங்கை வரைக்கும் இழுக்கும். மாவட்டத் தேர்வில் முதல் மூன்று பேர்தான் மாநிலப் போட்டிக்குப் போகலாம். போன இரண்டு வருடமும் அவள் நான்காவதாக வந்தாள்.

இதற்கு ஊர் முழுக்க ஒரே வைத்தியம்தான் சொன்னது. கையில் பலம் இல்லை. அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? சின்ன வயதிலிருந்து கேட்டதுதானே. இளவரசியின் கை சின்னது, விரல்கள் குட்டை. பள்ளிக்கூடத்தில் பெரிய கத்தரிக்கோல் அவள் கையில் திரும்பாது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு குடுவை நழுவி உடைந்தபோது, மேலாளர், “இந்தக் கைய வச்சிக்கிட்டு லேப்ல என்னம்மா பண்ணுவ?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்தக் கேள்வி அவளுக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆகவே ரப்பர் பந்தைப் பிசைந்தாள், தண்ணீர்க் குடத்தை ஒரே கையில் தூக்கினாள், துப்பாக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இறுக்கியதில் குண்டு இன்னும் இடது பக்கம் போனதுதான் மிச்சம்.

இந்த வருடம் கிளப்பில் புதிதாக ஒரு முடிவு எடுத்தார்கள். அங்கே போட்டிக்குத் தேறும் துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான். தேர்வில் ஜெயிக்காதவர்கள் அதைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். செயலாளர் ஹுமாயூன்தான் வந்து சொன்னார். முதுநகரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஹுமாயூனும் அதே துப்பாக்கியில்தான் சுடுகிறவர். நல்ல மனுஷன், சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“தப்பா நெனைக்காத தங்கச்சி. இந்த தடவ வரலன்னா, அடுத்த சீசன்ல இருந்து ஒனக்கு இது கெடைக்காது.”

“சரி பாய்,” என்றாள். வீட்டுக்கு வந்து அன்று இட்லி மாவில் உப்பு இரண்டு தடவை போட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. கிளப்பின் காவலாளி பக்கிரிக்குப் பூஜை என்றால் கை நிற்காது. கதவு, ஃபேன், குப்பைக்கூடை எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசி முடித்து, துப்பாக்கிக்கு வந்தார். அதன் மரப்பிடியில் தோசைக்கு மாவு ஊற்றுவது போல வழித்து அப்பிவிட்டார். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் ஒரு தடவை எடுத்துத் தொடங்கி வைக்க வேண்டும். அதற்கும் அவர் புதிதாகச் சந்தனம் குழைத்து, காய்ந்ததன் மேலேயே ஈரமாக இன்னொரு பூச்சு பூசியிருந்தார்.

“என்னா பக்கிரி, துப்பாக்கிக்குக் கல்யாணமா?” என்றார் ஹுமாயூன்.

“நல்லநாளு பாய். ஒங்களுக்குச் சந்தனம் ஆவாதா?”

“எங்க தர்கா சந்தனக்கூட்டுல பூசாத சந்தனமா? குடு இங்க.” அவர் எடுத்து, இலக்கைப் பார்த்து நீட்டி, கீழே வைத்தார். பக்கிரி மறுபடி ஒரு கை அப்ப, அடுத்தது இளவரசி எடுத்தாள். நீட்டினாள், வைத்தாள். கையைக் கழுவக் குழாயடிக்குப் போனார்கள்.

தண்ணீரைத் திறக்கப் போன ஹுமாயூன் அப்படியே நின்றுவிட்டார்.

“தங்கச்சி, கைய காட்டு.”

காட்டினாள். அவர் தன் கையை அதன் பக்கத்தில் விரித்தார். அவர் உள்ளங்கை முழுக்க மஞ்சள், ஒரு இடம் விடாமல். அவள் கையில் விரல்களின் அடியில் ஒரு கோடு, கட்டைவிரல் மேட்டில் ஒரு திட்டு. நடுவில் ஒரு பொட்டுகூட இல்லை. இப்போதுதான் கழுவிய கை போல வெளேரென்று இருந்தது.

“நீ புடிக்கவே இல்லியே!”

“இறுக்கித்தான் பாய் புடிச்சேன்.”

“நீ புடிச்ச. அது ஒன் கையில ஒக்காரல.”

இளவரசிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓடிப்போய்த் துப்பாக்கியை எடுத்து மறுபடி பிடித்துப் பார்த்தாள். மூன்று வருடமாகப் பார்த்ததுதான், ஆனால் இன்றுதான் கண்ணில் பட்டது. பிடி ஹுமாயூனின் கைக்கு ஏற்ற தடிமன். அதைச் சுற்றி வளைப்பதிலேயே அவள் விரல்களின் நீளம் தீர்ந்துபோகிறது. ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் விசையை எட்டிப் பிடித்துத் தொடுகிறது. நுனியால் தொட்டால் விசையைப் பின்னால் இழுக்க முடியாது, பக்கவாட்டில்தான் தள்ளும். இடது பக்கம் தள்ளும்! உள்ளங்கைக் குழிவில் தாங்க எதுவும் இல்லாததால் மொத்த எடையும் கட்டைவிரல் அடியில் விழுகிறது. வலிக்காமல் என்ன செய்யும்? அவள் பக்கிரியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். பக்கிரி, பூஜைக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போனார்.

“பிடிய செதுக்கிடலாமா பாய்?”

“செதுக்குனா நான் எதப் புடிக்கிறது? அடியில ஒரு ஸ்க்ரூதான். கழட்டி மாட்டிக்கலாம். ஒனக்குன்னு ஒண்ணு செஞ்சிக்க.”

அன்று மதியமே இளவரசி காடாம்புலியூருக்குப் பறந்தாள். அவள் பிறந்த ஊர். தம்பி கதிரவன் அங்கே பலாமரத்தில் கட்டில், கதவு செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். அக்கா கொண்டுவந்த பழைய பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இன்னாக்கா இது, ஒடஞ்சுபோன கொழவிக்கல்லு மாதிரி இருக்கு?”

“டேய், பேசாம கட்டைய எடு.”

காய்ந்த பலாக்கட்டையில் முதலில் ஒரு முரட்டு வடிவம் வெட்டினான். அப்புறம் நடந்ததை அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. இளவரசி உள்ளங்கையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு கட்டையைப் பிடிப்பாள். கட்டையில் எங்கே ஒட்டுகிறதோ அங்கே மேடு. கதிரவன் அதை அரத்தால் ராவுவான். மறுபடி பூசுவாள், பிடிப்பாள், அவன் ராவுவான். விசைக்குப் பின்னால் இருக்கும் பக்கத்தை மெலிதாக்கினார்கள். உள்ளங்கைக் குழிவுக்கு ஒரு புடைப்பு விட்டார்கள். கைக்கு அடியில் தாங்கும் பலகையைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டலாம் என்று கதிரவன் ஆசைப்பட்டு வெட்ட, அவள் விரல்கள் பள்ளத்தில் உட்காராமல் வரப்பில் உட்கார்ந்தன. அந்தக் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கட்டையில் முதலிலிருந்து தொடங்கினார்கள். சந்தனம் தீர்ந்து, மளிகைக் கடையில் போய் வாங்கி வந்தார்கள்.

கடைசியாகப் பிடித்தபோது கட்டை முழுக்க மஞ்சள் பரவியது. இளவரசி கையை விரித்தாள், மூடினாள், விரித்தாள். பிடிக்கிற சிரமமே இல்லை. இறுக்க வேண்டியதே இல்லை. சின்னப் பிள்ளை போல அங்கேயே ஒரு குதி குதித்தாள்.

கிளப்பில் மாட்டிச் சுட்டாள். இடது ஓரத்து ஈக்கள் கிளம்பி நடுவுக்கு வந்துவிட்டன. ஹுமாயூன் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “மாஷா அல்லாஹ்!” என்று கத்தினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கதிரவன் வந்து, “பினிஷிங் மட்டும் பாக்கிக்கா, தேர்வன்னிக்கு சிதம்பரத்துக்கே எடுத்தாந்து குடுத்துடறேன்” என்று பிடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு போகும்வரை.

தேர்வு நாள் காலை சிதம்பரத்தில் அந்த உள்ளரங்கத்தின் வாசலில் கதிரவன் பெருமையோடு ஒரு துண்டைப் பிரித்தான். உள்ளே பிடி பளபளவென்று மின்னியது. கட்டிலுக்கு அடிக்கிற வார்னிஷ், மூன்று கோட்டிங். முகம் தெரிந்தது.

“எப்பிடிக்கா?”

இளவரசி கையில் வாங்கினாள். பயத்தில் வியர்த்திருந்த கைக்குள் அது மீன் மாதிரி வழுக்கியது. நேராகப் போய் அரங்கத்தின் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து, பிடியைப் படியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். பரக் பரக்கென்று வார்னிஷ் உரிந்தது. கதிரவன், “அய்யோ அக்கா, அய்யோ அக்கா” என்று சுற்றிச் சுற்றி வந்தான். கூட வந்திருந்த கார்த்திகேசன், “மச்சான், நீயும் ஒக்காந்து தேயி. அழுவறதுக்கு அப்பறமா நேரம் தரேன்” என்றார். அவனும் உட்கார்ந்து தேய்த்தான்.

சோதனை அதிகாரி துப்பாக்கியை அளவுப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். அடங்கியது. சொரசொரவென்றிருந்த பிடியைத் தடவி, “என்னம்மா மரம் இது, மஞ்சளா?” என்றார்.

“பலா, சார்.”

தொடங்கியதும் அவளுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. கை எழுந்தது, மூச்சு நின்றது, விரலின் சதை முழுசாக விசையில் படிந்தது, விசை நேராகப் பின்னால் வந்தது. நடு. மறுபடி நடு. பாதிக்கு மேல் வந்தபோது, ஜெயித்துவிடுவேன் போலிருக்கிறதே என்ற நினைப்பு வந்தது. அந்தப் பாழாய்ப்போன நினைப்பில் பழைய பழக்கம் திரும்பி, கை இறுகியது. குண்டு இடது பக்கம் போனது. அடுத்ததும் இடது பக்கம்.

இந்தக் கை இப்படித்தான் என்று உள்ளே பழைய குரல் ஆரம்பித்தது. இளவரசி துப்பாக்கியை மேசையில் வைத்தாள். கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை நடுவில், பிடி அழுத்திய தடம் சிவப்பாக, முழுசாக இருந்தது. கையில் குறை இல்லை, பயம்தான் இறுக்குகிறது. விரல்களை உதறிக்கொண்டு மெதுவாகப் பிடித்தாள். மீதி எல்லாவற்றையும் அப்படியே, இறுக்காமல் சுட்டாள்.

பலகையில் பெயர்களை ஒட்டினார்கள். கதிரவன் கூட்டத்தில் முண்டியடித்துப் போய்ப் பார்த்தான். அங்கிருந்தே விரலைத் தூக்கிக் காட்டினான். மூன்று விரல். மூன்றாவது! ஹுமாயூன் தன் சுற்றுக்குப் போக வேண்டியவர், அதை மறந்து கைதட்டிக்கொண்டிருந்தார். இளவரசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது; அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

கார்த்திகேசன் அருகில் வந்தார். உள்ளே குண்டு இல்லை என்று காட்டக் குழலில் பாதுகாப்புக் கயிறு செருகியிருந்த துப்பாக்கியை முதல் தடவையாகக் கையில் கேட்டு வாங்கினார். பம்புசெட்டை ஒற்றை ஆளாகத் தூக்கும் கை அது. பிடிக்குள் விரல்கள் நுழையவில்லை. புடைப்பு உள்ளங்கையில் முட்டியது. இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

“என்னாடி இது, எனக்குப் புடிக்கவே வரல. என் கையிலதான் எதனா கோளாறா?”

இளவரசி அவருடைய பெரிய கையை எடுத்துத் தன் சின்னக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ஒங்க கையில ஒரு கோளாறும் இல்ல மாமா. அது ஒங்களுக்குச் செஞ்ச புடி இல்ல, அவ்ளோதான்,” என்றாள். யாராவது அவளிடம் அதை முன்பே ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.