வெறும் வயிற்றில் தூக்கியது

ஒருவனுடைய பசி அவனுக்கு மட்டுமே சொந்தமா?

மகன் திலக்சனைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் செல்வநாயகிக்கு முதலில் வருவது இந்தக் கேள்விதான். விரதம் என்பது தனக்கும் சாமிக்கும், அல்லது தனக்கும் இறந்துபோனவருக்கும் இடையிலான காரியம் என்றுதான் அவள் ஐம்பத்திரண்டு வருடம் நினைத்திருந்தாள். வேறொரு வீட்டுப் பெண்ணின் எலும்பும் அதில் சேரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

குடும்பம் ஓக்லண்டுக்கு வந்தபோது திலக்சனுக்கு ஒன்பது வயது. பதினோராவது வயதில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஒருநாள் பனிச்சறுக்குத் தளத்துக்குக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் ஒரு மணி நேரம் விழுந்து சிரித்துவிட்டு வந்தார்கள். இவன் அடுத்த நாளும் போகவேண்டும் என்றான். அப்பா சபாரத்தினம் மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் வேலை முடித்து வந்து, அவனை ஏற்றிக்கொண்டு போய், தளத்தின் ஓரத்தில் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார்.

"இதென்ன விளையாட்டு, ஐஸ்பெட்டிக்குள்ள ஓடித் திரியிறது?" என்று செல்வநாயகி கேட்டாள்.

"விழுந்தா எழும்புறான். அது காணும்" என்றார் அவர்.

உள்ளதைச் சொன்னால், திலக்சன் பெரிய சறுக்காளன் அல்ல. தொடங்கியதே பிந்தித்தான். தாவல்கள் சுமார். அவன் கைகளை விரித்தால் பஸ்ஸை மறிக்கிறான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உயரம் இருந்தது, தோள் இருந்தது. ஒருவரைத் தலைக்கு மேல் தூக்கினால் இறக்கி வைக்கும்வரை அவன் முகம் மாறாது. சோடியாகச் சறுக்குவதற்கு அந்த நாட்டில் ஆண்கள் கிடைப்பது அரிது. பதினேழாவது வயதில் பயிற்சியாளர் அவனை றெபேக்காவோடு சேர்த்துவிட்டார்.

றெபேக்கா மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா கிளெமென்ட் வீடுகளுக்கு மின்சார வேலை செய்பவர். ஓக்லண்டிலேயே பிறந்தவள் என்பதால் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சறுக்கத் தெரிந்தவள் அவள். தாங்கத் தெரிந்தவன் அவன். அப்படித்தான் அந்தச் சோடி ஓடியது.

"உங்கட மகனுக்கும் அந்த வேதக்காரப் பெட்டைக்கும் எப்ப கலியாணம்?" என்று கோயிலில் சனம் கேட்கும்.

"ரெண்டுபேரும் ஒருத்தற்ற முகத்தை ஒருத்தர் காலமை அஞ்சு மணிக்குப் பாக்கினம். அதுக்குப் பிறகு ஆருக்குக் கலியாண ஆசை வரும்?" என்பாள் செல்வநாயகி.

ஐந்து மணிக்குப் போனால்தான் தளம் வெறுமையாகக் கிடைக்கும். எட்டு மணிக்குத் திலக்சன் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பண்டகசாலையில் வேலைக்கு நிற்கவேண்டும். மாலையில் தகனினியில் இருக்கும் தங்கள் வீட்டுக் கராஜில் அடுத்த பயிற்சி. றெபேக்கா நாற்பத்தாறு கிலோ. இருபது கிலோ அரிசி மூட்டை இரண்டைச் சேர்த்துக் கட்டி, மேலே ஆறு கிலோப் பருப்பையும் வைத்துத் தூக்குவான். "அரிசியைத் தலைக்கு மேல தூக்கலாம். கால்படுற இடத்தில விடப்படாது" என்பது மட்டும்தான் செல்வநாயகி போட்ட சட்டம்.

சறுக்கும் சோடிக்குள்ளும் சில சட்டங்கள் இருந்தன. விழ நேர்ந்தால் ஆண் அடியில் போகவேண்டும். ஆறு வருடத்தில் மூன்று தடவை அவன் அப்படி அடியில் போயிருக்கிறான். ஒரு தடவை முன்பல் உடைந்தது, அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. இரண்டாவது சட்டம், தூக்குவதற்கு முன் றெபேக்கா இரண்டு கேள்வி கேட்பாள். நித்திரை கொண்டாயா? சாப்பிட்டாயா? எதற்காவது இல்லை என்று பதில் வந்தால் அன்று தூக்கல் கிடையாது, பக்கத்தில் பக்கத்தில் சறுக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

எங்கள் வீடுகளில் சாப்பிட்டாயா என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்வோம். வயிறு காய்ந்து கிடந்தாலும் ஓம்தான். அது பொய் என்று யாரும் நினைப்பதில்லை. கேட்டவரைச் சமையலறைக்குப் போகவிடாமல் தடுக்கும் ஒரு மரியாதை, அவ்வளவுதான். றெபேக்கா கேட்டது அந்தக் கேள்வி அல்ல.

சபாரத்தினம் மாரடைப்பில் போய் நான்கு வருடம். தகப்பன் இல்லாத பிள்ளைகள் ஆடி அமாவாசைக்கு விரதம் இருப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். மத்தியானம் படையல் வைத்த பிறகே வாய் நனைக்கலாம். அன்றைக்கென்று கசப்பான காத்தோட்டிக்காய் சமைப்பார்கள். செல்வநாயகி அதைக் குளிரில் உறையவைத்த பொட்டலமாக இலங்கைக் கடையில் வாங்கி வைத்திருந்தாள். முதல் மூன்று வருடமும் அந்த நாளில் பயிற்சி இருக்கவில்லை. அந்த வருடம் இருந்தது. போட்டிக்குச் சோடிகளை எடுக்கும் தேர்வுக்கு மூன்று கிழமையே மிச்சம்.

"அம்மா, நாளைக்குத் தூக்கிறது இருக்கு" என்றான் முதல்நாள் பின்னேரம்.

"இருக்கட்டும். ஒருநாள்தானே?"

"காலமை ஒரு துண்டுப் பாணாவது தின்னாமல் எப்பிடி?"

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். சட்டியைக் கழுவிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள். "வன்னியில அப்பா உன்னை ரெண்டு நாள் தோளில வச்சு நடந்தவர். பாண் திண்டிட்டே நடந்தவர்?"

திலக்சன் தலை இடிக்கிறது என்று இரவுச் சாப்பாட்டையும் தொடாமல் படுத்துவிட்டான். அவள் அதிகாலை மூன்றரைக்கு வேலைக்குப் புறப்படும்போது அவனுடைய சாப்பாட்டுக் கோப்பை மூடியபடி குளிர்பெட்டியில் இருந்தது. கண்டாள். எழுப்பித் தின்னச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நின்றாள். நல்ல பிள்ளை, விரதத்தை முழுதாகவே இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அந்தச் சின்னப் பெருமையைத்தான் பிறகு அவளால் மன்னிக்க முடியாமல் போனது.

அவளுக்கு வேலை மங்கரேயில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் சமையல்கூடத்தில். அன்று காலை எழுநூறு பேருக்குரிய முட்டையும் உருளைக்கிழங்கும் தட்டுகளில் வைத்து மூடினாள். ஆறரைக்குத் தொலைபேசி வந்தது.

கையோடு கை கோத்து, றெபேக்காவைத் தலைக்கு மேல் நிமிர்த்தி, அவன் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறான். இரண்டாவது சுற்றில் கண் இருட்டியது. அடியில் போகவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். போவதற்கு அவனிடம் நினைவு இருக்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தான். றெபேக்கா தனியே விழுந்தாள். இடது முழங்கையும் காறையெலும்பும் முறிந்தன.

அன்று காலை தளத்துக்கு வராத பயிற்சியாளர் ஆஸ்பத்திரியில் கட்டிலருகே குனிந்து என்ன நடந்தது என்று கேட்டார். "என் கை வழுக்கிவிட்டது. பிடியை விட்டது நான்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் றெபேக்கா. கட்டிலின் கால்மாட்டில் நின்ற திலக்சன் அம்மாவைப் பார்த்தான். அம்மா நிலத்தைப் பார்த்தாள். அவ்வளவில் இருவரும் உடன்பட்டுவிட்டார்கள். பிறகு நடைபாதையில் இருந்த இயந்திரத்தில் அவன் ஒரு தேத்தண்ணி எடுத்து, சீனி நான்கு போட்டு, நின்றபடியே குடித்தான். மணி பத்து. படையல் வைக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அன்று படையல் வைக்கவேயில்லை. காத்தோட்டிக்காய்ப் பொட்டலம் உறைபெட்டியிலேயே கிடந்தது. சமைக்கவும் மனமில்லை, எறியவும் கை வரவில்லை.

அதன் பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்தது. அவன் கராஜுக்குப் போகவில்லை. மூட்டைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. மூன்றாவது கிழமை சறுக்குச் சங்கத்திலிருந்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. மெல்பேர்னில் ஒரு பெண் சோடியில்லாமல் இருக்கிறாள், திலக்சன் போய் அவளோடு சறுக்கிப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். றெபேக்கா குணமானாலும் அவளுடைய பிடியை இனி நம்ப முடியுமா என்று பயிற்சியாளரின் அறிக்கை ஐயப்படுவதாகவும் இருந்தது. அவன் அதை அச்செடுத்துச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். செல்வநாயகிக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் ஏறும். மூன்று தரம் படித்தாள். மூன்று தரமும் அதே பொருள்தான். சாப்பிட்டதாகத் தன் மகன் சொல்லியிருக்கும் பொய்க்கு அந்தப் பிள்ளை தன் இடத்தை இழக்கப்போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரம் பார்த்துக் கிளெமென்ட் வீட்டுக்குப் போனாள்.

"வாங்கோ அக்கா. என்ன, வெறுங்கையோட வந்திருக்கிறியள்? உலகம் அழியப்போகுதோ?" என்றார் கிளெமென்ட்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "பிள்ளையின்ர கை வழுக்கேல்லை, கிளெமென்ட். என்ர மகன் அண்டைக்கு விரதம். முதல்நாள் இரவும் சாப்பிடேல்லை. நான்தான் இருக்கச் சொன்னனான்."

கிளெமென்டின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது. "பெரிய வெள்ளிக்கு நாங்களும் ஒருசந்தி இருக்கிறனாங்கள், அக்கா" என்றார். பிறகு, "அண்டைக்கு நான் ஏணியில ஏறுறேல்லை" என்றார்.



"எனக்குத் தெரியும், அன்ரி." சாய்வு நாற்காலியில் கைக்கட்டோடு இருந்த றெபேக்காவின் குரல். அபூர்வமாகத் தமிழில் வந்தது. "அவன்ர வாயில எப்பவும் தேத்தண்ணி மணக்கும். அண்டைக்கு மணக்கேல்லை. சாப்பிட்டியோ எண்டு கேட்டன். ஓம் எண்டான். பொய் எண்டு தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் பிள்ளை ஏறினனீ?"

றெபேக்கா ஆங்கிலத்துக்கு மாறினாள். தேர்வுக்கு மூன்று கிழமைதான் இருந்தது, அந்தக் காலைப் பயிற்சியை இழக்க மனம் வரவில்லை என்றாள். அவன் ஆறு வருடம் தன்னை ஒருநாளும் கீழே போட்டதில்லை, அன்றும் போடமாட்டான் என்று நினைத்தாளாம். "ஆகவே நான் சொன்னது முழுப் பொய் இல்லை. பிழை என்னிலும் இருந்தது."

வீடு திரும்பும் வழியெல்லாம் செல்வநாயகி அதைப் புரட்டிக்கொண்டே வந்தாள். பிழையைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஆள் குறையவேண்டும். இது குறையவில்லை. மூன்று பேருக்கும் முழுதாகவே இருந்தது.

திலக்சன் வேலை முடிந்து வந்ததும் சொன்னாள். "கிளெமென்ட் வீட்டை போனனான். எல்லாம் சொல்லிப்போட்டன்."

அவன் சப்பாத்தைக் கழற்றியபடி, "நான் வெள்ளிக்கிழமையே கோச்சிட்டைச் சொல்லியிட்டன்" என்றான். "அறிக்கையை மாத்தி எழுதச் சொன்னனான். மெல்பேர்ன் வேண்டாம் எண்டும் சொல்லியாச்சு."

"விரதமெண்டு சொன்னனியோ?"

"சாப்பிடாமல் வந்தனான், சாப்பிட்டதெண்டு பொய் சொன்னனான். அதுதான் சொன்னது."

"என்னைப் பற்றி?"

"உங்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கு அம்மா? உங்களிட்டை ஆரும் கேள்வி கேக்கேல்லையே. கேட்டது என்னட்டை."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் அவளுக்கு ஏதாவது கிடைத்திருக்கும். தகப்பனின் தோளை இழுத்து வைத்துத் தான் சொன்ன அந்த வார்த்தையை அவன் கணக்கிலேயே எடுக்காமல் முழுவதையும் தனக்கென்று வைத்துக்கொண்டான். அவள் பங்கை அவளுக்குக் கொடுக்க அவனுக்கு மனமில்லை.

அறிக்கை திருத்தப்பட்டது. அந்த வருடத் தேர்வு போய்விட்டது. ஆனாலும் றெபேக்கா வேறு சோடி தேடவில்லை. "அவனோடுதான்" என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டாள். ஐந்து மாதம் கழித்து மருத்துவர் அனுமதித்தார். திலக்சன் மறுபடி கராஜில் அரிசி தூக்கினான். இருவரும் கிழமைக்கு நாலு காலை பக்கத்தில் பக்கத்தில் சறுக்கினார்கள். தூக்கலுக்கு ஒரு திங்கட்கிழமை குறித்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை செல்வநாயகி லீவு போட்டாள். அதிகாலை நான்கு மணிக்கு இரண்டு முட்டையும் மூன்று துண்டுப் பாணும் வைத்து, அவன் தின்று முடியும்வரை எதிரே இருந்தாள். அவன் மறுக்காமல் தின்றான். தேத்தண்ணியும் குடித்தான். முதன்முறையாக அவளும் தளத்துக்குப் போய், சபாரத்தினம் வழக்கமாக இருக்கும் ஓரத்தில் கம்பளிச் சால்வையோடு இருந்தாள். பக்கத்தில் கிளெமென்ட்.

இருவரும் நாலு சுற்று ஓடினார்கள். நடுவில் நின்றார்கள். தளம் வெறுமையாக இருந்ததால் பேச்சு ஓரம்வரை கேட்டது.

"நித்திரை கொண்டாயா?"

"ஓம்."

"சாப்பிட்டாயா?"

"ஓம்."

செல்வநாயகி தன்னையறியாமல் தலையை ஆட்டினாள். இரண்டும் உண்மை. இதைவிட உண்மையாக அந்தக் கேள்விகளுக்கு அவன் என்றைக்கும் பதில் சொன்னதில்லை.

றெபேக்கா இரண்டு கைகளையும் நீட்டினாள். முறிந்து பொருந்திய இடது கை கொஞ்சம் வளைந்தே நின்றது.

திலக்சன் அந்த வளைவையே பார்த்தபடி நின்றான். கண் இருட்டியவன் நின்ற மாதிரி இல்லை, நிதானமாகவே நின்றான். பிறகு பின்பக்கமாக மெல்லச் சறுக்கி, திரும்பி, வாசலுக்கு வந்து, வாங்கில் உட்கார்ந்து சறுக்குச் சப்பாத்துகளின் கயிற்றை அவிழ்த்தான். கத்திகளைத் துணியால் துடைத்து உறை போட்டான். நீட்டிய கைகளோடு றெபேக்கா சிறிது நேரம் நடுவிலேயே நின்றாள்.

அந்த மாதமே அவன் பண்டகசாலை வேலையை விட்டான். அதே தளத்தில், பனியைச் சீவி நீர்விட்டு மட்டமாக்கும் வண்டியை ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தான். றெபேக்காவுக்குத் தென்தீவிலிருந்து ஒரு புதுச் சோடி வந்தது. அவர்கள் ஐந்து மணிக்கு வரும்போது தளம் கண்ணாடிபோல இருக்கும். திலக்சன் வண்டியை ஒதுக்கிவிட்டு, அவள் உள்ளே போகக் கதவைத் திறந்து பிடிப்பான்.

ஏன் என்று பயிற்சியாளர் கேட்டார், கிளெமென்ட் கேட்டார். செல்வநாயகி ஒரே ஒருநாள் கேட்டாள். அவன் யாருக்கும் சொல்லவில்லை.