கரைக்கல்லில் தாவிய பூச்சிகள்

கொடைக்கானலில் ஒரு பங்களாவின் பின்கட்டில் எங்களுக்கு ஓர் அறை. அடுத்த அறையில் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் குடும்பம். அந்த வீட்டு அக்காவின் மகனும் என் இரண்டு வயது மகளும் எந்நேரமும் ஒன்றாகவே விளையாடுவார்கள். என் கணவர் காய்கறி லாரி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் மலைக்குக் கீழேதான் இருப்பார்.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. மழை விட்ட காலையில், தோட்டத்துச் சின்னக் குளத்தில் துணி அலசப் போனேன். கரைக்கல்லில் மை சிந்தியதுபோல ஒரு திட்டு. விரல் பட்டதும் அது கலைந்து தாவியது. அத்தனையும் பூச்சி, எள்ளில் கால்வாசிகூட இராது. இரண்டு நாளுக்கு முன் அதே இடத்தில் ஓர் எலி செத்துக் கிடந்தது. நான்தான் அள்ளி எறிந்திருந்தேன்.

என் சின்ன வயதில், கீழே எங்கள் ஊரில் எலிகள் செத்து விழுந்தனவென்று தெருவையே காலி செய்து, காட்டில் குடிசை போட்டுத் தங்கவைத்தார்கள். எலிமேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி கடித்தால் பிளேக் வரும் என்றார்கள். சித்திக்கு அக்குளில் நெறி கட்டியது. குடிசையிலிருந்து அவள் திரும்பவில்லை.

அன்று சாயங்காலமே மகளுக்குக் காய்ச்சல். காதுக்குக் கீழே தடவினேன். கோலிக்குண்டு அளவுக்கு நெறி.

அக்கா எட்டிப் பார்த்து, "புள்ள ஏன் சோந்து கெடக்கு?" என்றார்.

"சளிதான்க்கா."

உண்மையைச் சொன்னால் எங்களையும் எங்காவது தனியாகக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்களோ என்று பயம். அவர் மகன் உள்ளே ஓடிவந்து என் மகளை ஒட்டி உட்கார்ந்தான். போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று அக்கா கேட்பாரே.

விடிந்ததும் பூச்சிகளை ஒரு மருந்துச் சீசாவில் வழித்துப் போட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சீசாவை மேஜைமேல் வைத்து, எலி செத்துக் கிடந்ததையும் சொன்னேன். நர்ஸம்மா ஒரு பூச்சியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"தெள்ளு இல்லம்மா. தெள்ளுக்குப் பின்னங்கால் நீளம், அதாலதான் தாவும். இதுக்கு வயித்துக்கடியில சின்னக் கவட்டை மாதிரி ஒண்ணு மடிஞ்சிருக்கு. அதத் தட்டி எம்புது. மக்குன இலையத் திங்குற பூச்சி, கடிக்காது. நீயே பாரு."

பார்த்தேன். சாம்பல் நிற உடம்பு, குட்டையான கால்கள். ஆனாலும் பயம் போகவில்லை. "அப்ப இந்த நெறி?"

"காதுக்குள்ள சீழ் வச்சிருக்கே, அதால."

அவர் கொடுத்த மருந்தில் நாலாம் நாள் நெறி அமுங்கிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அன்றைக்கே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"பிளேக்குன்னு நெனச்சுக்கிட்டேவா எம்புள்ளைய உள்ள விட்ட?"

ரொம்ப நாள் அவர் என்னோடு பேசவில்லை. தை மாதக் குளிரில் ஒருநாள், தன் மகனுக்குச் சின்னதாகிவிட்ட கம்பளிச் சட்டையை என் மகளுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டார். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.